கறுப்பு, கறுப்பு, கறுப்பு: "தோத்தா டபுள் பண்ணு" சூத்திரத்தின் 250 வருஷக் கதை

இந்த எபிசோடை ஒரு தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1913 ஆகஸ்ட் 18. மொனாக்கோவில் இருக்கிற மான்டி கார்லோ கேசினோ. அங்கே ஒரு ரூலெட் மேசையில் பந்து கறுப்பில் விழுகிறது. அடுத்த சுற்றும் கறுப்பு. அதுக்கடுத்ததும் கறுப்பு. தொடர்ந்து கறுப்பாகவே வர வர, மேசையைச் சுற்றி இருந்தவங்க சிவப்பில் பணத்தைக் கொட்ட ஆரம்பிச்சாங்க. "இவ்வளவு கறுப்பு வந்தாச்சு, இனிமே சிவப்பு வந்துதானே ஆகணும்?" இதுதான் அவங்க கணக்கு. அன்றைக்குக் கறுப்பு தொடர்ந்து 26 தடவை விழுந்தது. சிவப்பு வருவதற்குள் பெரும் தொகை கேசினோவின் பெட்டிக்குள் போயிருந்தது.

சூதாடியின் தவறு என்று புத்தகங்களில் சொல்லும்போது முதலில் காட்டும் உதாரணம் இதுதான். ஆனா இன்னைக்கு நான் பேசப் போறது அந்த நம்பிக்கையின் மேல கட்டப்பட்ட சூத்திரங்களைப் பத்தி. தோற்றால் பந்தயத்தைக் கூட்டு, ஜெயித்ததும் ஆரம்பத்துக்குத் திரும்பு, கடைசியில் லாபம் உறுதி. இதை நம்பினவங்க முட்டாள்கள் இல்லை. கணித மேதை, எம்.பி., இன்ஜினியர், வங்கி ஊழியர் எல்லாரும் இந்தப் பட்டியலில் இருக்காங்க. அதனாலதான் இந்தக் கதை முக்கியம்.

முதல்ல விளையாட்டு

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் மொத்தம் 37 பள்ளங்கள். 18 சிவப்பு, 18 கறுப்பு, பச்சை நிறத்தில் ஒரே ஒரு பூஜ்யம். நீங்க சிவப்பில் 5 ரூபாய் வைத்து, சிவப்பு வந்தால் உங்க 5 திரும்பி வரும், கூடவே இன்னொரு 5 கிடைக்கும். கறுப்போ பூஜ்யமோ வந்தால் 5 போச்சு. ஜெயிக்க 18 வழி, தோற்க 19 வழி. அந்த ஒரே ஒரு பூஜ்யம்தான் கேசினோவின் மொத்தச் சம்பாத்தியம். சதவீதத்தில் சொன்னால் 2.7. அமெரிக்கச் சக்கரத்தில் இன்னொரு பூஜ்யம் சேர்வதால் அது 5.26 ஆகிறது.

இப்ப நம்ம கதாநாயகன். பெயர் மார்ட்டிங்கேல். 5 வை. தோற்றால் 10. அதுவும் தோற்றால் 20, 40, 80. என்றைக்கு ஜெயித்தாலும் அதுவரை போனது மொத்தமும் திரும்பி வந்து, மேலே 5 மிச்சம். உதாரணத்துக்கு 5, 10, 20 மூணும் போயிடுச்சு. நஷ்டம் 35. அடுத்து 40 வைக்கிறீங்க, ஜெயிக்கிறீங்க. 40 கழித்தல் 35, லாபம் 5. தாளில் எழுதிப் பார்த்தால் ஓட்டையே தெரியாது. சிவப்பு என்றைக்காவது ஒருநாள் வரத்தானே வேணும்?

வெனிஸ், 1754

இந்தச் சூத்திரம் ரூலெட்டை விட மூத்தது. வெனிஸ் அரசு 1638-ல் ரிடோட்டோ என்ற சூதாட்ட மண்டபத்தைத் திறந்தது. அரசே அனுமதித்து நடத்திய பொதுச் சூதாட்டக் கூடம். 1754 வாக்கில் அங்கே மார்ட்டிங்கேல் ஆடினவர் யாருன்னா, காதல் கதைகளுக்குப் பேர் போன ஜாக்கோமோ காசனோவா. ஆடினது ரூலெட் இல்லை, சீட்டாட்டம். ஆனா சூத்திரம் அதேதான்.

அவரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வெச்சிருக்கார். ஆரம்பத்தில் நாளுக்கு நாள் ஜெயித்தார். பிறகு ஒரு கட்டத்தில் தொடர் தோல்வி வந்தது, எல்லாம் போனது. அவர் ஆடினதில் காதலியின் பணமும் இருந்தது. கடைசியில் அந்தப் பெண்ணின் வைரங்களும் விற்கப்பட்டன. முதலில் சின்னச் சின்னதா நிறைய வெற்றி, அப்புறம் ஒரே ஒரு பெரிய தோல்வி. இந்த வடிவத்தை மனசில் வெச்சுக்குங்க, கதை முழுக்க இதுதான் திரும்பித் திரும்பி வரும்.

பிளாங் சகோதரர்கள்

சூத்திரம் ஆடினவங்களைப் பார்த்தோம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவங்க யார்? பிரான்சுவா பிளாங், லூயி பிளாங். இரட்டையர். டெக் வேலையில் இருக்கிற எல்லாரும் இவங்களைத் தெரிஞ்சுக்கணும். 1834 முதல் 1836 வரை, போர்தோ நகரில் இருந்தபடி, பிரெஞ்சு அரசின் தந்திக் கோபுர வலையமைப்பை இவங்க ஹேக் பண்ணாங்க. மின்சாரத் தந்தி வருவதற்கு முந்தைய காலம். மலை உச்சிகளில் கோபுரம் வைத்து, மரக் கைகளை அசைத்து, செய்தி அனுப்புவாங்க. பிளாங் சகோதரர்கள் ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து, அரசுச் செய்திகளுக்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்க்கச் சொன்னாங்க. அந்தப் பிழைதான் பாரிஸ் பங்குச் சந்தை ஏறியதா இறங்கியதா என்ற ரகசியக் குறி. மாட்டினப்ப, அந்தக் குற்றத்துக்கென்று சட்டமே இல்லாததால் கிட்டத்தட்ட தப்பிச்சிட்டாங்க.

1837 முடிவோடு பிரான்ஸ் சூதாட்டக் கூடங்களை மூடியது. சகோதரர்கள் ஜெர்மனிப் பக்கம் போய், பாட் ஹோம்பர்கில் கேசினோ தொடங்கினார்கள். அங்கேதான் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள். அப்போது சக்கரங்களில் இரண்டு பூஜ்யங்கள் இருப்பது வழக்கம். 1843-ல் இவர்கள் ஒரு பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். லாப விகிதம் பாதியானது, கூட்டமோ அள்ளியது. விலையைக் குறைத்து வாடிக்கையாளரைப் பிடிக்கும் ஸ்டார்ட்அப் உத்திதான், 180 வருஷத்துக்கு முன்னாடியே.

லூயி இறந்த பிறகு, 1863-ல் பிரான்சுவா பிளாங் மொனாக்கோ கேசினோவின் உரிமையை வாங்கினார். மொனாக்கோ அப்போது நொடித்துப் போயிருந்த குட்டி நாடு. மாந்தோன், ரோக்ப்ரூன் என்ற இரண்டு ஊர்களை இழந்து, வருமானம் இல்லாமல் தவித்தது. 1868-ல் ரயில் வந்தது, பின்னாலேயே கூட்டமும் வந்தது. 1869-ல் இளவரசர் மூன்றாம் சார்லஸ் குடிமக்களுக்கு நேரடி வரியையே நீக்கிவிட்டார். ஒரு நாட்டின் வரிச் சுமையை அந்த ஒற்றைப் பூஜ்யம் சுமந்தது. அதே நேரம், மொனாக்கோ குடிமக்கள் மட்டும் அந்தக் கேசினோவில் ஆடக் கூடாது என்று தடை. கடை நடத்துபவருக்குச் சரக்கின் தரம் நன்றாகவே தெரிந்திருந்தது.

பிளாங் என்றால் பிரெஞ்சில் வெள்ளை. அதை வைத்து அங்கே ஒரு பேச்சு உண்டு: சில சமயம் சிவப்பு ஜெயிக்கும், சில சமயம் கறுப்பு ஜெயிக்கும், எப்பவும் ஜெயிப்பது வெள்ளைதான்.

5 பிராங்க் கணக்கு

இப்ப கணக்குக்கு வருவோம். அந்தக் கால மான்டி கார்லோ ரூலெட் மேசையில் குறைந்தபட்சப் பந்தயம் 5 பிராங்க். சிவப்பு-கறுப்பில் அதிகபட்சம் 6,000 பிராங்க். இந்த மேல்வரம்பை ஞாபகம் வெச்சுக்குங்க.

5, 10, 20, 40, 80, 160, 320, 640, 1,280, 2,560, 5,120. பதினோரு பந்தயம். பன்னிரண்டாவதுக்கு 10,240 வைக்கணும், மேசை அனுமதிக்காது. அதாவது தொடர்ந்து 11 தடவை தோற்றால் சூத்திரம் செத்தது. அதுவரை போன பணம் 10,235 பிராங்க். இவ்வளவையும் பணயம் வைத்தது எதுக்கு? 5 பிராங்க் லாபத்துக்கு.

11 தடவை தொடர்ந்து தோற்கிறது அபூர்வம் இல்லையா? அபூர்வம்தான். 37-ல் 19 என்பதைப் பதினோரு முறை பெருக்கினால், சுமார் 1,527-ல் ஒன்று. ஆகவே 1,527 தடவை இந்தச் சுழற்சியை ஆடினால், சராசரியாக 1,526 தடவை 5 பிராங்க் வீதம் 7,630 பிராங்க் வரும். ஒரே ஒரு தடவை 10,235 போகும். நிகரம், 2,605 பிராங்க் நஷ்டம்.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். ஒரே மேசையில் சிவப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், 11 தோல்வி வரிசையாக வந்து முடிய சராசரியாக 3,100 சுற்றுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். நாளைக்கு 400 சுற்று என்று வைத்துக்கொண்டால், எட்டு நாள். முதல் ஏழு நாள் நீங்க மேதை. எட்டாவது நாள் ஊருக்கு டிக்கெட் எடுக்கணும். மான்டி கார்லோவில் சிவப்பு-கறுப்புப் பந்தயத்தில் பூஜ்யம் வந்தால் முழுசா பறிக்காமல் ஒரு சலுகை தருவாங்க, அதைச் சேர்த்தால் கேசினோவின் பங்கு 1.35 சதவீதமாகக் குறையும். நாள் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான். முடிவு மாறாது.

"அந்த 6,000 வரம்புதானே பிரச்சினை, வரம்பே இல்லைன்னா?" நியாயமான கேள்வி. 1913-க்கே திரும்பிப் போவோம். 26 கறுப்புக்குப் பிறகு, 5 பிராங்கில் தொடங்கியவர் அடுத்த பந்தயமாக வைக்க வேண்டிய தொகை 33 கோடியே 55 லட்சம் பிராங்க். மேசைக்கு வரம்பு இல்லைன்னா உங்க பாக்கெட்டுக்கு வரம்பு இருக்கு. சும்மா ஒரு தகவலுக்கு: அந்தச் சக்கரத்தில் தொடர்ந்து 26 கறுப்பு வரும் வாய்ப்பு சுமார் 13.7 கோடியில் ஒன்று. ஆனா 25 கறுப்பு வந்து முடிந்த பிறகு 26-வதும் கறுப்பாக வரும் வாய்ப்பு? வழக்கமான 37-ல் 18 தான். சக்கரத்துக்கு மெமரி கிடையாது. கோடு எழுதுறவங்க பாஷையில் சொன்னால், அது ஸ்டேட்லெஸ்.

இதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் அடக்கலாம். சராசரி நஷ்டம் = நீங்கள் மொத்தமாக வைத்த பணம் × 2.7 சதவீதம். எந்த வரிசையில் வைத்தீர்கள் என்பது இதில் இல்லவே இல்லை. மேலே பார்த்த மார்ட்டிங்கேலில் ஒவ்வொரு 5 பிராங்கைத் துரத்தவும் சராசரியாக 63 பிராங்க் மேசையில் உருளுது. அதில் 37-ல் ஒரு பங்கு, 1.70 பிராங்க், கேசினோவுக்கு. சூத்திரம் செய்வது ஒன்றே ஒன்றுதான்: நஷ்டத்தை எடுத்து, அடிக்கடி வராத, ஆனா வந்தால் ஆளையே முடித்துவிடும் ஒரு மூலையில் கொண்டுபோய்க் குவிக்கிறது.

மென்மையான முகங்கள்

இரட்டிப்பு ரொம்ப வேகமா ஏறுது என்று பயந்தவங்க மிதமான சூத்திரங்களைத் தேடினாங்க. ஒன்றின் பெயர் டாலம்பேர். தோற்றால் ஒரு யூனிட் கூட்டு, ஜெயித்தால் ஒரு யூனிட் குறை. வெற்றியும் தோல்வியும் சம எண்ணிக்கையில் வந்தால் லாபம். பெயருக்குக் காரணமான ஜான் லெ ரோன் டாலம்பேர் 18-ம் நூற்றாண்டின் பெரிய கணிதவியலாளர், பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர்களில் ஒருவர். அவரே 1754-ல் நாணயம் சுண்டுவது பற்றிய கட்டுரையில், இரண்டு சுண்டலில் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 4-ல் 3 இல்லை, 3-ல் 2 என்று வாதிட்டார். தலை நிறைய விழுந்தால் அடுத்தது பூ விழ வாய்ப்பு கூடும் என்றும் நினைத்தார். அவ்வளவு பெரிய மூளைக்கே இந்த இடத்தில் சறுக்கல். உள்ளுணர்வு எவ்வளவு பலமானது பாருங்க.

அடுத்தது லபூஷேர். ஹென்றி லபூஷேர் பிரிட்டிஷ் எம்.பி., பத்திரிகையாளர். ஆஸ்கார் வைல்டைச் சிறைக்கு அனுப்பிய 1885-ம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைக் கொண்டு வந்ததும் இவரே. சூத்திரம் இப்படி: தாளில் 1, 2, 3, 4 என்று எழுதுங்க. முதல் எண்ணும் கடைசி எண்ணும் கூட்டினால் 5, அதுதான் பந்தயம். ஜெயித்தால் அந்த இரண்டையும் அடிச்சுடுங்க. தோற்றால் 5-ஐக் கடைசியில் சேருங்க. எல்லா எண்ணும் அடிபட்டால் 10 லாபம். ஒரு வெற்றி இரண்டு எண்களை அடிக்குது, ஒரு தோல்வி ஒரு எண்ணைத்தான் சேர்க்குது. மூணுல ஒரு பங்குக்குச் சற்று மேல் ஜெயித்தாலே போதும்! கேட்கவே சுகமா இருக்கு. ஆனா தொடக்கத்திலேயே 8 தடவை தோற்றால் பந்தயங்கள் 5-லிருந்து 12 வரை ஏறி, 10 லாபத்துக்காக 68 போயிருக்கும். மார்ட்டிங்கேல் மாடியிலிருந்து தள்ளிவிடும். இது படிக்கட்டில் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப் போகும்.

வங்கியை உடைத்தவர்

"அப்புறம் எப்படி சார்ல்ஸ் வெல்ஸ் ஜெயிச்சார்?" என்று கேட்பீங்க. 1891-ல் இந்த ஆங்கிலேயர் மான்டி கார்லோவில் பல தடவை வங்கியை உடைத்தார். வங்கியை உடைப்பது என்றால் கேசினோ திவால் ஆவதில்லை. ஒரு மேசைக்கு ஒதுக்கிய 1,00,000 பிராங்க் கையிருப்பு தீர்ந்தால், அந்த மேசைக்குக் கறுப்புத் துணி போர்த்தி, பெட்டகத்திலிருந்து மறுபடி பணம் கொண்டு வருவாங்க. கிட்டத்தட்ட விளம்பரம்தான். வெல்ஸைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு பாட்டே வந்து ஊரெங்கும் ஒலித்தது. தன்னிடம் தோற்காத சூத்திரம் இருப்பதாக அவர் சொல்லிக்கொண்டார்.

வெல்ஸ் இன்ஜினியர்தான். இசை எழுப்பும் ஸ்கிப்பிங் கயிறு கண்டுபிடித்தவர். ஆனா ஆடிய பணம், நீராவி இயந்திரத்தில் எரிபொருளை மிச்சப்படுத்தும் கருவி என்று சொல்லி மற்றவர்களிடம் வாங்கியது. அடுத்த வருஷமே தோல்வி. 1892-ல் கைது, 1893-ல் 8 ஆண்டு சிறை. பிறகு பாரிஸில் நாளுக்கு 1 சதவீத வட்டி தருவதாக ஒரு நிதி நிறுவனம் நடத்தி மறுபடி மாட்டினார். 1922-ல் இறந்தபோது கையில் பணம் இல்லை. பாட்டு மட்டும் மிச்சம். ஜெயித்தவரைப் பற்றித்தான் பாட்டு வரும். தோற்றவங்களுக்குக் கேசினோ வேறொன்று வைத்திருந்தது. கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவருக்கு ஊர் திரும்பும் ரயில் செலவை அதுவே கொடுத்து அனுப்பும். திருப்பிக் கட்டும் வரை மறுபடி உள்ளே விடாது. அப்படிக் கொடுக்க ஒரு தனி ஏற்பாடே தேவைப்பட்டது என்றால், எத்தனை பேர் அப்படி நின்றிருப்பாங்க என்று யோசிச்சுப் பாருங்க.

சோதித்தவர்கள்

1894-ல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன், பத்திரிகையில் வெளியான மான்டி கார்லோ ரூலெட் முடிவுகளை எடுத்து ஆராய்ந்தார். சிவப்பு, கறுப்பு மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனா ஒரே நிறம் தொடர்ந்து வரும் வரிசைகளின் நீளம் நம்பவே முடியாத அளவுக்கு விலகியது. கேசினோவை மூடி, அதன் சொத்தை நிகழ்தகவு ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று கிண்டலாக எழுதினார். நிருபர்கள் மேசையில் உட்காராமல் எண்களைத் தாங்களே எழுதியிருக்கலாம் என்பது பின்னால் வந்த விளக்கம். அப்படியானால் அந்த எண்களை வைத்துத் தன் சூத்திரத்தைச் சோதித்தவரின் நிலைமை? குப்பை டேட்டாவில் பேக்டெஸ்ட் பண்ணி நிஜப் பணத்தோடு களத்தில் இறங்குறது 130 வருஷப் பழக்கம்.

1908-ல் இன்னும் நேரடியான சோதனை. ராஸ்லின் பிரபு தன்னிடம் ஜெயிக்கும் சூத்திரம் இருக்கு என்றார். இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்த சர் ஹைரம் மேக்சிம், இல்லை என்றார். இரண்டு பேரும் லண்டனில் உட்கார்ந்து, பொய்ப் பணத்தில் நாள்கணக்காக ஆடினாங்க. ஆரம்பத்தில் பிரபு முன்னால் இருந்தார். முடிவில் மேக்சிம் ஜெயித்தார். அதே பழைய வடிவம்.

கணிதம் சொன்ன கடைசி வார்த்தை

1939-ல் ஜான் வீல் என்ற இளம் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தன் ஆய்வேட்டில் மார்ட்டிங்கேல் என்ற சொல்லையே எடுத்துக் கணிதக் கருத்தாக மாற்றினார். அமெரிக்காவில் ஜோசப் டூப் அதை வளர்த்தார். சாரம் இது: நியாயமான ஆட்டத்தில், கையில் அளவான பணமும் அளவான நேரமும் உள்ளவர், எப்படிக் கூட்டிக் குறைத்து வைத்தாலும், எப்போது எழுந்து போனாலும், சராசரி லாபம் பூஜ்யம். ஆட்டமே பாதகமானது என்றால், நஷ்டம். கேசினோவில் தோற்ற ஒரு சூத்திரத்தின் பெயரில் இன்னைக்கு நிதிக் கணிதமே நிக்குது.

ஆனா பாடம் எல்லாருக்கும் போய்ச் சேரலை. 1762-ல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியின் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் என்ற வர்த்தகர் இருந்தார். நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் மறைத்து, அதை மீட்க மேலும் மேலும் பெரிய பந்தயம் வைத்தார். 1995 ஜனவரி 17-ல் கோபே நிலநடுக்கம். ஜப்பான் சந்தை விழுந்தது. அவர் இன்னும் வாங்கினார். பிப்ரவரியில் 82.7 கோடி பவுண்ட் நஷ்டத்தோடு வங்கி மூழ்கியது, 1 பவுண்டுக்குக் கைமாறியது. லீசனுக்கு வயது 28. நம்ம வயசு.

இன்னைக்கு ரூலெட் சக்கரம் போனுக்குள்ள வந்தாச்சு. சிவப்பா பச்சையா என்று கேட்கும் செயலி, "லெவல் 7 வரைக்கும் தாங்குற பணம் வெச்சுக்கோ, லாபம் கேரண்டி" என்று சொல்லும் குரூப், "இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணிடலாம்" என்று சொல்லும் நண்பன். இவங்க யாரும் புதுசா எதுவும் சொல்லலை. அடுத்த தடவை யாராவது தன் சூத்திரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினால், எத்தனை தடவை ஜெயிச்சேன்னு கேட்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. தொடர்ந்து எத்தனை தோல்வி வந்தால் இது சாகும்? அப்போ மொத்தம் எவ்வளவு போகும்? அது யாருடைய பணம்? காசனோவாவிடமும் வெல்ஸிடமும் லீசனிடமும் மூணாவது கேள்விக்கு ஒரே பதில்தான் இருந்தது: அடுத்தவங்க பணம்.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, அந்த ஸ்க்ரீன்ஷாட் அனுப்பின நண்பருக்கே அனுப்பிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.